நைலான் நூலைத் தந்தவர், அது விற்பனைக்கு வருவதைப் பார்க்கவில்லை: யார் இந்த கரோதர்ஸ்?

தூண்டில் முள்ளில் இறகு, ரோமம் சுற்றி பூச்சி மாதிரி செய்கிற இரைதான் ‘ஃப்ளை’. கட்டும் நூல் மெல்லிசா இருக்கணும், அறுந்தும் போகக் கூடாது. முன்பெல்லாம் பட்டு நூல்தான். ஈரத்தில் நாளடைவில் இற்றுப்போகும்.

அதற்கு மாற்று தந்தவர் வாலஸ் கரோதர்ஸ். 1896-ல் அமெரிக்காவின் அயோவாவில் பிறந்தவர். ஹார்வர்டில் வேதியியல் கற்பித்தவர், மனச்சோர்வு வேலையைக் கெடுக்குமோ என்ற தயக்கத்தோடுதான் 1928-ல் டூபாண்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். 1935 பிப்ரவரி 28-ல் அவரது குழு நைலானை உருவாக்கியது. அது மக்காது, இழுத்தால் சற்று நீண்டு, முள்ளை இறுகப் பிடிக்கும்.

1937 ஏப்ரலில், 41-வது பிறந்தநாள் முடிந்த இரண்டே நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார். நைலான் அறிவிக்கப்பட்டது 1938 அக்டோபரில்தான்.

இன்று சின்ன ஃப்ளைக்கு 70 டெனியர் நூல் போதும். அதாவது, 9,000 மீட்டருக்கு 70 கிராம்தான் எடை!