கிராமத்தின் கணக்கர் ஜே. சி. குமரப்பா

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவருள் கணக்கெழுதும் தொழிலால் பெயர் பெற்றோர் பலர். அவருள் ஒருவர் பெருவணிகரின் பேரேடுகளை மூடி வைத்துவிட்டு, ஏழை உழவனின் வரவு செலவைத் திறந்து பார்த்தார். ஜே. சி. குமரப்பா என்னும் அப்பெரியாரின் வரலாற்றைச் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டு நினைவூட்ட விழைகிறோம்.

1892-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். இலண்டன் சென்று கணக்காய்வுக் கலை பயின்று, பம்பாய்க்குத் திரும்பித் தணிக்கைத் தொழிலில் செல்வாக்குடன் விளங்கினார். 1927-இல் அமெரிக்கா சென்றவர், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொருளாதாரம் பயின்றார். இந்திய அரசின் நிதி நிருவாகத்துக்கும் இந்திய மக்களின் வறுமைக்கும் உள்ள தொடர்பே அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள். பிறர் கணக்கைத் தணிக்கை செய்தே பழகிய கண், தன் நாட்டின் கணக்கில் எங்கே ஒழுகுகிறது என்பதை அப்போதுதான் கண்டது. தம் முன்னோர் பெயராகிய குமரப்பா என்பதையே பின்னர்த் தம் பெயராக ஏற்றார்.

அந்த ஆராய்ச்சியை வெளியிடும் பொருட்டு 1929 மே மாதத்தில் சபர்மதி ஆசிரமம் சென்றார். மேனாட்டு உடையும் கைத்தடியுமாக நின்றவர், மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவரைச் சிறிது நேரம் வேடிக்கை பார்த்திருந்தார். அவரே காந்தியடிகள் என்று தெரிந்ததும், மடிப்புக் கலையாத காற்சட்டையோடு அத்தரையிலேயே அமர்ந்துவிட்டார். காந்தியடிகள் அவர்தம் கட்டுரையை யங் இந்தியா இதழில் வெளியிட இசைந்ததோடு, ஒரு வேலையும் கொடுத்தார்: குசராத்து மாநிலத்துக் கேடா மாவட்டத்தில் மாதர் வட்டத்தின் பொருளாதார நிலையை நேரில் ஆய்ந்து எழுதுதல்.

குசராத்து வித்யாபீட மாணவர்களுடன் 54 ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். மொழியோ புதிது, உழவர்கள் பேசுவதை மாணவர் வாயிலாகவே அறிய வேண்டியிருந்தது. நிலவரி, வட்டி, மாட்டுத் தீவனம், விதை என்று ஒவ்வோர் இனமாக எழுதி வாங்கினார். நிலம் தரும் வருவாயைக் காட்டிலும் அதன்மேல் ஏறியிருந்த சுமை பெரிது என்பதை அவ்வறிக்கை எண்களாலேயே காட்டிற்று. பட்டினியைப் பற்றி மேடையில் முழங்குவோர் எக்காலத்தும் உண்டு. பட்டினிக்குக் கணக்கெழுதியவர் சிலரே.

1934-இல் பீகார் நிலநடுக்க நிவாரணப் பணியில் நிதிப் பொறுப்பை ஏற்றார். காந்தியடிகளின் பரிவாரச் செலவைக்கூட நிவாரண நிதியில் எழுத மறுத்த கண்டிப்பு அவருடையது என்பர். முன்கோபியும்கூட, உடன் உழைத்தோர் அதையும் பொறுத்துக்கொண்டனர்.

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றிற்று. குமரப்பா அதன் செயலாளராகி, வார்தாவில் மகன்வாடியில் தங்கினார். அங்கு நடந்தவை பார்வைக்குச் சிறியன: செக்கு, உரல், திரிகை, எருக்குழி. ஆனால் அவற்றை அவர் இணைத்துப் பார்த்த முறையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஊர்ச் செக்கில் எண்ணெய் ஆட்டினால் பிண்ணாக்கு ஊரிலேயே தங்கும். அதை மாடு தின்னும். மாட்டின் சாணம் வயலுக்கு மீளும். எள்ளை மூட்டையாக ஆலைக்கு அனுப்பினால் எண்ணெய் மட்டும் விலைக்குத் திரும்பி வரும். மண்ணுக்குச் சேர வேண்டியது வராது. அரிசியை ஆலையில் தீட்டி வெளுப்பதால் தவிட்டோடு சத்தும் போகிறது என்று இடைவிடாது எழுதினார். வெல்லத்துக்குப் பனையிருக்க, நல்ல நன்செய்யில் கரும்பு எதற்கு என்று கேட்டார். பனை தரிசிலும் வளரும். விடுபட்ட நன்செய்யில் உணவுப் பயிர் விளையும். பனங்கருப்பட்டியை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நிலத்தடி எண்ணெய் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. ஆண்டுதோறும் விளையும் வித்து வற்றாத வரவு. ஆதலின் மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் மகன்வாடியில் உருவாயிற்று.

1942-இன் போராட்டத்தை ஒட்டிச் சபல்பூர்ச் சிறையில் இருந்தபோது, நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் பெருநூலை எழுதினார். அதில் ஒரு பகுதி பலரும் மேலோட்டமாகக் கடந்துவிடுவது. நமக்கோ அதுவே நூலின் உயிர்நிலையாகத் தோன்றுகிறது. ஓர் இலட்சம் மக்கள் வாழும் வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு நாள்தோறும் தானியம், பருப்பு, பால், காய்கறி, பழம் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு, அவற்றை விளைக்க எவ்வளவு நிலம் ஒதுக்க வேண்டும் என்று பட்டியல் தருகிறார். உடைக்கு வேண்டிய பருத்தியும் அப்பட்டியலில் உண்டு. சந்தை விலை ஆசை காட்டும் பயிருக்கு முன், ஊரார் வயிற்றுக்கான பயிர் நிலத்தில் இடம் பெற வேண்டும் என்பது அதன் கருத்து.

விடுதலைக்குப் பின் காங்கிரசு நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். உழுபவனுக்கே நிலம், உடைமைக்கு உச்சவரம்பு, மிகச் சிறிய நிலங்களுக்குக் கூட்டுறவு எனக் குழுவின் அறிக்கை 1949-இல் வெளிவந்தது. சட்டமாகும் வழியில் அதன் கூர்மை பெரிதும் மழுங்கியது.

இயந்திர உழவையும் இரசாயன உரத்தையும் அவர் ஐயுற்றார். இவ்விடத்தில் நாம் அவரோடு முற்றும் உடன்படுவதற்கில்லை. அவர் மறைந்த சில ஆண்டுகளில் வந்த பசுமைப் புரட்சி, கப்பலில் வரும் கோதுமையை எதிர்நோக்கும் நிலையைத் தவிர்த்தது. அதே புரட்சி நடந்த பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழிறங்கி வருவதும் கண்கூடு. இருப்பைச் செலவிட்டுவிட்டு வரவென்று எழுதிக்கொள்வதைத் தணிக்கையாளராகிய அவர் ஒப்பியிருக்க மாட்டார்.

இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் கழித்தார், மணம் செய்துகொள்ளவில்லை. அக்குடிலில் காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழை உழவனின் படமும் இருந்தது. வந்தவர்க்கு முன்னதைத் தம் தலைவர் என்றும், பின்னதைத் தலைவரின் தலைவர் என்றும் காட்டுவாராம். 1960 சனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.