ஆறு புள்ளிகள்

பாரிசு நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் சிமோன் ரெனே பிரெயில் என்பவர் குதிரைகளுக்குச் சேணமும் தோல்வார்களும் செய்து வாழ்ந்து வந்தார். அவருடைய நான்கு மக்களுள் கடைக்குட்டியாக 1809ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் லூயி பிறந்தான்.

தந்தையின் பட்டறையே குழந்தையின் விளையாட்டிடம். மூன்று வயதில் ஒருநாள், தோலில் துளையிடும் குத்தூசியை எடுத்து, தந்தை செய்வதைப் போலத் தானும் செய்ய முற்பட்டான். ஊசி வழுக்கி அவனது ஒரு கண்ணைக் குத்திவிட்டது. அக்காலத்தில் புண் சீழ்பிடிக்காமல் காக்கும் மருந்துகள் இல்லை. நோய் மற்றொரு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயது நிறைவதற்குள் லூயி பார்வையை முற்றிலும் இழந்தான்.

அந்நாளில் பார்வையற்ற ஏழைக் குழந்தைகளுக்குக் காத்திருந்தது பெரும்பாலும் தெருவோரப் பிச்சையே. பிரெயில் குடும்பம் அதற்கு உடன்படவில்லை. தந்தை மரப்பலகையில் ஆணிகளை எழுத்துகளின் வடிவில் அடித்து, அவற்றைத் தடவிப் பார்க்கச் செய்தார். ஊர்ப் பங்குக்குரு அவனுக்குப் பாடம் சொன்னார். பின்னர் ஊர்ப் பள்ளியிலேயே மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து, ஆசிரியர் கூறியதைக் காதால் கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டான். ஆனால் மற்றவர் நூலைத் திறக்கும்போது அவன் கைகட்டி அமர்ந்திருக்க வேண்டியிருந்தது.

1819ஆம் ஆண்டு, பத்து வயதில், பாரிசிலிருந்த பார்வையற்ற இளைஞர்க்கான அரசப் பள்ளியில் லூயி சேர்ந்தான். வாலண்டைன் ஹாய் என்பவர் நிறுவிய பள்ளி அது. பழைய கட்டடம், ஈரம் கசியும் சுவர்கள், இருள் சூழ்ந்த அறைகள். ஆயினும் அங்கே படிப்பதற்கு நூல்கள் இருந்தன. பெரிய எழுத்து அச்சுகளை ஈரமான தடித்த தாளில் அழுத்தினால் எழுத்துகள் புடைத்து நிற்கும். அவற்றை மாணவர்கள் விரலால் தடவிப் படித்தனர்.

ஹாய் செய்தது பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை. எனினும் அம்முறை கண்ணுள்ளவர் ஒருவரின் எண்ணத்தில் உதித்தது. கண்ணுக்கு எளிதாகத் தோன்றும் வளைவுகளும் கோடுகளும் விரலுக்கு எளிதல்ல. ஓர் எழுத்தைச் சுற்றிலும் தடவி அறிந்து, அடுத்த எழுத்துக்குச் செல்வதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். நூல்களோ ஒரு சிறுவன் தூக்க இயலாத எடை உடையவை. எல்லாவற்றினும் பெரிய குறை மற்றொன்று. அம்முறையில் மாணவனால் படிக்கலாம். தன் கையால் எழுத முடியாது. தன் கணக்கைக் குறித்துக்கொள்ளவோ, வீட்டுக்குக் கடிதம் வரையவோ, எழுதியதைத் தானே திரும்பப் படித்துத் திருத்தவோ வழியில்லை.

1821ஆம் ஆண்டில் சார்லஸ் பார்பியே என்பவர் உருவாக்கிய புதிய முறை ஒன்று அப்பள்ளிக்கு அறிமுகமாயிற்று. பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தவர் அவர். கோடுகளுக்கு மாற்றாகப் புள்ளிகளைக் கொண்டது அவரது முறை. பிரெஞ்சு மொழியின் ஒலிகளுள் 36ஐத் தேர்ந்து, வரிசைக்கு ஆறாக ஆறு வரிசைகளில் அவர் அமைத்தார். ஓர் ஒலி எத்தனையாவது வரிசையில் உள்ளதோ அத்தனை புள்ளிகளை இடப்பக்கமும், அவ்வரிசையில் எத்தனையாவது இடத்தில் உள்ளதோ அத்தனை புள்ளிகளை வலப்பக்கமும் குத்த வேண்டும். எழுதுவதற்குக் கட்டமிட்ட சட்டமும் கூரிய குத்துக்கோலும் தந்தார். லூயியின் கண்ணைப் பறித்த குத்தூசியை ஒத்த கருவியே அவன் கையில் எழுதுகோலாக வந்து சேர்ந்தது.

மாணவர்கள் மகிழ்ந்தனர். விரலுக்குப் புள்ளி உடனே புலப்பட்டது. ஆனால் லூயி விரைவில் குறைகளையும் கண்டான். ஓர் ஒலிக்கு 12 புள்ளிகள் வரை தேவைப்பட்டன. அத்தனையும் விரல்நுனியில் ஒருசேர அடங்கா. விரலை மேலும் கீழும் நகர்த்தி எண்ண வேண்டும். மேலும் அது ஒலியை மட்டுமே குறித்தது. எழுத்துக்கூட்டலுக்கும், நிறுத்தக்குறிகளுக்கும், எண்களுக்கும் இடமில்லை. பார்வையற்றவர்க்கு இவ்வளவு போதும் என்று கருதி அமைத்ததுபோல் இருந்தது அது. லூயிக்கு அது போதவில்லை.

பகலில் வகுப்புகள், இரவிலும் விடுமுறை நாள்களிலும் அவன் தாளும் குத்துக்கோலுமாக அமர்ந்தான். 1824ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், புதிய முறையின் அமைப்பு அவன் கையில் உருப்பெற்றது. பன்னிரண்டு புள்ளிகளை அவன் ஆறாகக் குறைத்தான். இவ்வளவுதானா என்று தோன்றலாம். குறைத்ததில்தான் அவனது நுட்பம் உள்ளது.

ஒரு தாளில், இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று புள்ளிகளை வரைந்து 1, 2, 3 என்று எண்ணிடுக. வலப்பக்கம் அவ்வாறே 4, 5, 6 என்று எண்ணிடுக. இதுவே ஒரு கட்டம். ஒவ்வொரு புள்ளியும் புடைத்திருக்கலாம், அல்லது புடைக்காதிருக்கலாம். ஒரு புள்ளிக்கு இரண்டு நிலை. இரண்டு புள்ளிகளுக்கு நான்கு. இவ்வாறு இரட்டித்துக்கொண்டே சென்றால் ஆறு புள்ளிகளுக்கு 64 நிலைகள் கிடைக்கும். வெற்றுக்கட்டம் சொற்களுக்கு இடையே இடைவெளியாகும். எஞ்சிய 63 வடிவங்கள் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் போதும். கட்டம் முழுவதும் விரல்நுனிக்குள் அடங்கிவிடும். தொட்ட நொடியில் எழுத்து புலப்படும்.

அவன் வடிவங்களை மனம்போன போக்கில் பங்கிடவில்லை. ஏ முதல் ஜே வரையிலான பத்து எழுத்துகளுக்கு மேலுள்ள நான்கு புள்ளிகளை மட்டும் பயன்படுத்தினான். அப்பத்து வடிவங்களோடு 3ஆம் புள்ளியைச் சேர்த்தால் கே முதல் டி வரையிலான அடுத்த பத்தும் வந்துவிடும். 3, 6 ஆகிய இரண்டையும் சேர்த்தால் அதற்கடுத்தவை வரும். முதற்பத்தைக் கற்றவன் முழுவதையும் கற்றவனாவான். டபிள்யூ என்னும் எழுத்து மட்டும் இவ்வொழுங்கில் அடங்காது. அக்காலப் பிரெஞ்சு நெடுங்கணக்கில் அவ்வெழுத்து இல்லாமையால், அது பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

இவ்வடிவங்களுள் கணிதத்தில் ஆர்வமுள்ளோர் வியக்கத்தக்க ஒன்றும் உண்டு. மேலுள்ள நான்கு புள்ளிகளில் ஏதேனும் ஒன்றை நீக்கினால் மூன்று புள்ளிகள் கொண்ட நான்கு வடிவங்கள் கிடைக்கும். அவையே நெடுங்கணக்கின் நான்காம், ஆறாம், எட்டாம், பத்தாம் எழுத்துகள். அவற்றுள் ஒன்றை இடவலமாகவோ, மேல்கீழாகவோ, அல்லது இரண்டுமாகவோ திருப்பினால் மற்ற மூன்றும் கிடைக்கும். எத்தனை முறை திருப்பினாலும் இந்நான்கைவிட்டு வெளியே செல்ல முடியாது. இவ்வாறு தமக்குள்ளேயே அடங்கும் திருப்பங்களின் தொகுதியைக் கணித அறிஞர் குலம் என்பர். குலம் என்னும் கருத்துக்கு அடித்தளமிட்ட எவரிஸ்த் கால்வா என்னும் இளைஞர் அதே ஆண்டுகளில் அதே பாரிசில், நடந்து செல்லும் தொலைவிலிருந்த மற்றொரு பள்ளியில் பயின்றார் என்பது வரலாற்றின் ஓர் அழகிய ஒற்றுமை.

திருப்புதல் பிரெயிலின் முறையில் நாள்தோறும் நிகழ்வது. தாளின் பின்புறம் குத்தினால்தான் முன்புறம் புள்ளி புடைக்கும். ஆகவே வலமிருந்து இடமாகக் குத்தி எழுதி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். எழுதும்போது ஒவ்வோர் எழுத்தும் கண்ணாடியில் தெரியும் உருவம்போல் இடவலம் மாறியிருக்கும்.

1829ஆம் ஆண்டில் பிரெயில் தம் முறையை விளக்கி நூல் வெளியிட்டார். சொற்களுக்கு மட்டுமன்றி இசைக்குறிகளுக்கும் அதில் வழி காட்டியிருந்தார். பார்பியேக்குத் தாம் கடன்பட்டிருப்பதையும் மறவாது குறிப்பிட்டார். அந்நூலே பழைய புடைப்பெழுத்தில்தான் அச்சிடப்பட்டது! 1837இல் திருத்திய பதிப்பு வந்தது. முதற்பதிப்பில் புள்ளிகளோடு சிறுகோடுகளும் இருந்தன. அவற்றை விரல் எளிதில் உணராமையால் பிரெயில் நீக்கினார்.

பயின்ற பள்ளியிலேயே அவர் 1833இல் ஆசிரியரானார். இலக்கணம், கணக்கு, புவியியல், இசை எனப் பலவும் கற்பித்தார். பாரிசின் தேவாலயத்தில் ஆர்கன் இசைப்பவராகவும் விளங்கினார். ஆனால் இருபத்தைந்து வயதையொட்டி அவருக்குக் காசநோய் கண்டது. அக்காலத்தில் அது தீராத நோய்.

மாணவர்கள் புள்ளி எழுத்தை விரும்பிக் கற்றனர். 1840இல் துஃபோ என்பவர் பள்ளித் தலைவரானதும் அதற்குத் தடை வந்தது. கண்ணுள்ளோர் படிக்க இயலாத எழுத்தைக் கற்பித்தால் பார்வையற்றோர் உலகத்திலிருந்து விலகித் தனித்துவிடுவர் என்று அவர் அஞ்சினார். அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றது எனல் ஆகாது. ஆனால் கண்ணுள்ளோர் வசதியைக் கருதியவர் விரல்களின் வசதியைக் கருதவில்லை. மாணவர்களோ மறைவாகக் குத்தி எழுதி ஒருவர்க்கொருவர் பரிமாறிக்கொண்டனர். குத்துக்கோலைப் பறிக்கலாம், கற்றதைப் பறிக்க முடியுமா?

அவ்வச்சத்துக்கு விடையாக அமையத்தக்க ஒரு முயற்சியைப் பிரெயில் முன்னரே செய்திருந்தார். கண்ணுள்ளோரும் படிக்கும் வண்ணம் வழக்கமான எழுத்துகளின் உருவத்தையே புள்ளிகளால் அமைக்கும் முறையை 1839இல் வெளியிட்டார். அதை எழுதுவதற்குரிய பொறியை அவருடைய நண்பரும் பார்வையற்றவருமான ஃபூக்கோ செய்தார். பார்வையற்ற மகன் பெற்றோர்க்குப் பிறர் துணையின்றிக் கடிதம் எழுத அதனால் இயன்றது. கணிப்பொறியோடு இணைந்த புள்ளி அச்சுப்பொறிகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து இதே வழியில்தான் எழுத்தைப் புள்ளிகளால் அமைத்தன.

1844ஆம் ஆண்டில் பள்ளியின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. துணைத்தலைவர் குவாதே அவ்விழாவில் பிரெயிலின் முறையை அனைவர் முன்னிலையிலும் எடுத்து விளக்கினார். அதன் வாயிலாகப் பள்ளியில் புள்ளி எழுத்து மீண்டும் இடம்பெற்றது. ஆனால் பிரெயிலின் உடல் தளர்ந்துவந்தது. 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், 43ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்து, அவர் உயிர் நீத்தார். அவரது முறையைப் பிரான்சு 1854இல் ஏற்றது. 1878இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு அதனையே சிறந்ததாகத் தேர்ந்தது. இறந்து நூறாண்டு கழித்து, 1952இல், அவரது உடல் பிரான்சின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கைகள் மட்டும் கூவ்ரேயிலேயே உள்ளன. அவரது இருநூறாம் பிறந்த ஆண்டான 2009இல் இந்திய அரசு வெளியிட்ட இரண்டு ரூபாய் நாணயத்தில் அவரது உருவத்தைக் காணலாம்.

இந்தியாவில் தொடக்கத்தில் ஒவ்வொரு பகுதியும் தனித்தனிப் புள்ளிமுறையைக் கையாண்டது. 1951இல் இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் உருவாயிற்று. அச்சில் தமிழின் ககரமும் இந்தியின் ககரமும் வேறு வேறு வடிவின. பாரதி பிரெயிலில் இரண்டும் ஒன்றே: 1, 3 ஆகிய புள்ளிகள். ஆங்கிலத்தின் கே என்னும் எழுத்தும் அதுவே. தில்லியில் தமிழ் படிக்கும் பார்வையற்ற மாணவனும் அவனருகே இந்தி படிக்கும் மாணவனும் மகரத்தையும் லகரத்தையும் ஒரே வடிவில் தொட்டு அறிகின்றனர்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. கெ என்னும் எழுத்தை நாம் எழுதும்போது கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கின்றன. ஆனால் பலுக்கும்போது முதலில் ககர மெய்யொலியும் பின்னர் எகர உயிரொலியும் பிறக்கின்றன. பாரதி பிரெயிலில் ககரத்தை முதலில் எழுதி எகரத்தை அடுத்து எழுதுவர். கணிப்பொறிக்குரிய ஒருங்குறியும் அவ்வாறே ககரத்தின் எண்ணை முதலிலும் கொம்பின் எண்ணை அடுத்தும் சேமிக்கிறது. திரையில் கொம்பு முன்னே தோன்றுவது நம் கண்ணுக்காக.

ஒருங்குறியில் எழுத்துகள் எண்களால் குறிக்கப்படுகின்றன. தமிழ்க் ககரத்தின் எண் 2965. பிரெயில் வடிவங்களுக்கும் அதில் இடமுண்டு. அவை 10240 என்னும் எண்ணில் வெற்றுக்கட்டத்தோடு தொடங்குகின்றன. முதற்புள்ளிக்கு 1, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 4, நான்காவதற்கு 8 என மதிப்பு இரட்டித்துச் செல்லும். 1, 3 ஆகிய புள்ளிகளின் மதிப்பைக் கூட்டினால் 5. எனவே க என்று படிக்கப்பெறும் அக்கட்டத்தின் எண் 10245. மற்ற எழுத்துகளின் எண்ணைப் பட்டியலில் தேட வேண்டும். பிரெயில் வடிவத்தின் எண்ணைப் புள்ளிகளைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம்.

கணிப்பொறியின் தேவைக்காகப் பின்வந்தோர் கட்டத்தின் அடியில் 7, 8 என்று இரு புள்ளிகளைக் கூட்டி வடிவங்களை 256 ஆக்கினர். பார்வையற்றோர்க்கான கணிப்பொறிக் கருவியில் ஒரே வரிசையில் சிறு ஊசிகள் எழுந்தும் தாழ்ந்தும் திரையிலுள்ள எழுத்துகளைக் காட்டும். வரியைப் படித்து முடித்ததும் அதே ஊசிகள் அடுத்த வரியாக மாறும். அவற்றுள் மேலுள்ள ஆறும் 1837இல் பிரெயில் திருத்தி அமைத்தபடியே நிற்கின்றன.