தோற்றோரையும் உடன்பிறப்பாய் மதித்த தளபதி டுபூர்

ஒரு நகரத்தின் பெருமையை அதன் மாடமாளிகைகளில் மட்டுமன்றி, அந்நகரம் தன் பெருமக்களைத் துயில வைத்திருக்கும் இடத்திலும் காணலாம். ஜெனீவா மாநகரின் பிளான்பலே பகுதியில் அத்தகைய சேமக்காலை ஒன்று உண்டு. கொள்ளை நோயினால் மாண்டோரைப் புதைப்பதற்காக 1482 ஆம் ஆண்டில், கோட்டை மதிலுக்கு வெளியே அது அமைக்கப்பட்டது. இன்று அரசர்களின் சேமக்காலை என்று பொருள்படும் பெயரால் அது வழங்கப்படுகின்றது. இப்பெயர் முடிசூடிய மன்னரைக் குறிப்பதன்று. முற்காலத்தில் குறிபார்த்து எய்யும் போட்டிகளில் வென்றவரை அரசர் என அழைத்தனர். அவ்வழக்கினால் அருகிலுள்ள தெரு பெற்ற பெயரே சேமக்காலைக்கும் ஆயிற்று.

சமயச் சீர்திருத்தவாதி கல்வின், புதிய ஜெனீவாவின் அரசியற் சிற்பி ஜேம்ஸ் பாசி, குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே, ஆர்ஜென்ரீனா நாட்டு எழுத்தாளர் போர்ஹெஸ் எனப் பலர் அங்கு துயில்கின்றனர். அவர்களுள் எம்மவர் ஒவ்வொருவரும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் கியோம் ஹென்றி டுபூர். பொறியியலாளராய், வரைபட வல்லுநராய், படைத்தளபதியாய், செஞ்சிலுவை இயக்கத்தின் முதற் தலைவராய் விளங்கிய அப்பெரியாரின் வாழ்வை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

டுபூர் 1787 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 15 ஆம் நாள் பிறந்தார். பிறந்த ஊர் ஜெனீவா அன்று. கொன்ஸ்ரான்ஸ் என்னும் அயலூர். 1782 இல் ஜெனீவாவில் எழுந்த அரசியற் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது பல குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. மணிக்கூடு செய்யும் தொழிலாளியான டுபூரின் தந்தையாரும் அவ்வாறு சென்றவரே. ஆகவே, பிற்காலத்தில் சுவிற்சர்லாந்து போற்றிய இப்பெருமகன், புலம்பெயர்ந்த பெற்றோருக்கு அந்நிய மண்ணிற் பிறந்த பிள்ளை என்பதை எமது சிறார்கள் மனங்கொள்ளல் வேண்டும். குடும்பம் ஊர் திரும்பியபோது அவர் இன்னும் சிறு குழந்தையாகவே இருந்தார்.

1798 இல் ஜெனீவா பிரான்சு நாட்டுடன் இணைக்கப்பட்டது. அதனால் டுபூர் 1807 இல் பாரிசிலுள்ள புகழ்பெற்ற பொலிரெக்னிக் கல்லூரியிற் சேர்ந்தார். நுழைவுத் தேர்வில் தெரிவான 144 பேருள் அவர் பெற்ற இடம் 140! ஆயினும் அவர் மனந்தளரவில்லை. இரண்டு ஆண்டுகள் அயராது பயின்று, வெளியேறும்போது ஐந்தாம் இடத்தைப் பெற்றார். தொடக்கத்திற் பின்தங்கியவர் இறுதிவரை பின்தங்கியே இருப்பார் என்று கருதும் பெற்றோருக்கு இச்செய்தி ஒன்றே போதுமானது.

பின்னர் நெப்போலியனின் படையிற் பொறியியல் அதிகாரியாகிக் கோர்பு தீவின் பாதுகாப்பில் ஈடுபட்டுக் காயமுற்றார். நெப்போலியன் வீழ்ந்தபின், 1815 இல் ஜெனீவா சுவிற்சர்லாந்தின் ஒரு மாநிலமாயிற்று. டுபூரும் பிரெஞ்சுச் சேவையைத் துறந்து 1817 இல் தாயகம் மீண்டார்.

அன்று தொட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஜெனீவாவின் மாநிலப் பொறியியலாளராக அவர் ஆற்றிய பணிகள் பல. ஏரிக்கரையோரமாக நாம் உலாவி மகிழும் கரைவீதிகள் அவர் காலத்தில் உருப்பெற்றவை. 1834 இல் அமைந்த பெர்க் பாலமும் அவரது திட்டமே. றோன் நதியில் ரூசோவின் பெயர் தாங்கிய சிறு தீவுக்கு அப்பாலத்தின் நடுவிலிருந்தே வழி செல்கின்றது. 1823 இல் கோட்டை அகழியின் குறுக்கே புனித அந்தோனியார் பெயரில் ஒரு நடைபாலத்தைக் கட்டினார். மெல்லிய இரும்புக் கம்பிகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து வடமாக்கி, அவ்வடங்களிற் பாலத்தைத் தொங்கவிட்டார். பிரெஞ்சுப் பொறியியலாளர் மார்க் செகெனும் இம்முயற்சியில் துணைநின்றார். கம்பிவடத்தால் அமைந்த நிரந்தரத் தொங்குபாலங்களுள் இதுவே உலகில் முதலாவது எனக் கருதப்படுகின்றது. கோட்டை மதில்கள் தகர்க்கப்பட்ட காலத்தில் அப்பாலமும் மறைந்தது. அது காட்டிய வழி மறையவில்லை.

1819 இல் தூண் நகரில் அமைந்த படைத்துறைப் பள்ளியின் நிறுவுநருள் ஒருவராகவும் ஆசிரியராகவும் அவர் விளங்கினார். பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் எனப் பிரான்சை ஆண்டவரும் அங்கு அவரிடம் பயின்ற மாணவரே. அக்காலத்தில் ஒவ்வொரு மாநிலப் படையும் தத்தம் கொடியையே ஏந்தின. எல்லோருக்கும் பொதுவான ஒரு கொடி இருந்தால் ஒரே நாட்டவர் என்னும் உணர்வு வளரும் என்று டுபூர் வலியுறுத்தினார். 1840 இல் செந்நிறத்தில் வெண்சிலுவை பொறித்த கொடி படைகளின் பொதுக்கொடியாக ஏற்கப்பட்டது.

நாடு முழுவதையும் அளந்து வரைபடமாக்கும் பெரும்பணியும் 1830 களில் அவர் பொறுப்பில் வந்தது. மலைச்சிகரங்களிலும் பனிப்பாறைகளிலும் அளவையாளர் ஏறி அளந்தனர்; செதுக்குவோர் அதனைச் செப்புத் தகடுகளிற் பொறித்தனர். ஓர் இலட்சத்துக்கு ஒன்று என்னும் அளவில் 25 தாள்களாக 1845 முதல் 1865 வரை அவ்வரைபடம் வெளிவந்தது. இப்பணியைப் போற்றி 1863 இல் சுவிற்சர்லாந்தின் மிக உயர்ந்த, 4634 மீற்றர் உயரமான சிகரத்துக்கு டுபூர் சிகரம் எனப் பெயரிட்டனர்.

இவ்வளவும் செய்தவரை வரலாறு நன்றியுடன் நினைப்பது 1847 இன் உள்நாட்டுப் போரினாலேயாகும். அக்காலத்தில் சுவிற்சர்லாந்து சமயத்தாலும் அரசியலாலும் பிளவுண்டிருந்தது. லூசேர்ன், ஊரி, சுவிஸ், உன்ரர்வால்டன், சூக், பிறிபேர்க், வலே ஆகிய ஏழு கத்தோலிக்க மாநிலங்கள் தமக்குள் தனிக்கூட்டணி அமைத்தன. அதனைக் கலைக்கும்படி நாட்டு மன்றம் கட்டளையிட்டது, அவை இணங்கவில்லை. மன்றம் டுபூரைத் தளபதியாகத் தெரிவு செய்தது. அவருக்கோ அப்போது அறுபது வயது. சொந்த நாட்டவரை எதிர்த்துப் படை நடத்தும் பொறுப்பை மிகுந்த தயக்கத்தின் பின்னரே ஏற்றார்.

ஏறத்தாழ ஓர் இலட்சம் வீரரைக் கொண்ட படை அவரிடம் இருந்தது. அவரோ அப்பலத்தைக் கொல்வதற்கன்றி, கொல்லாதிருப்பதற்கே பயன்படுத்தினார். எதிர்ப்பது வீண் என்று எதிரி கண்கூடாக உணரும் அளவுக்குப் பெரும்படையை ஓரிடத்தில் ஒருங்கு திரட்டுவது அவர் கண்ட வழி. முதலில் பிறிபேர்க்கை வளைத்துக்கொண்டு, இரத்தஞ் சிந்தாமற் பணியுமாறு தூது அனுப்பினார்; நவம்பர் 14 இல் அந்நகர் பணிந்தது. 23 ஆம் நாள் கிசிக்கோனில் கடுஞ்சமர் நிகழ்ந்தது. மறுநாள் லூசேர்ன் வீழ்ந்தது. 29 ஆம் நாள் வலேயும் பணியவே போர் முடிந்தது. நான்கு வாரங்கூட நீடியாத அப்போரில் இருதரப்பிலும் மாண்டவர் ஏறக்குறைய நூறு பேர்.

போர் தொடங்கும் வேளையில் அவர் தம் வீரருக்கு விடுத்த கட்டளையே இங்கு நாம் ஊன்றி நோக்கற்பாலது. சிறுவர், பெண்டிர், முதியோர், குருமார் ஆகியோரைக் காக்குமாறும், கைதிகளையும் காயமுற்றோரையும் துன்புறுத்தாதிருக்குமாறும் அதிற் பணித்தார். எதிரில் நிற்பவர் பகைவரல்லர், நாளை மீண்டும் ஒரே வீட்டில் வாழவேண்டிய உடன்பிறப்புகள் என்பதை அவர் ஒருகணமும் மறந்தாரில்லை.

எல்லாம் நன்மையாகவே முடிந்தது எனக் கூறுவது உண்மையாகாது. போர்ச் செலவு தோற்ற மாநிலங்களின் மேல் சுமத்தப்பட்டது. எஞ்சிய கடன் 1852 இலேயே தள்ளுபடி செய்யப்பட்டது. தோற்றோரின் மனப்புண் ஆறவும் நெடுங்காலம் சென்றது. எனினும், ஆற முடியாத அளவுக்கு அப்புண் ஆழமாகவில்லை. அடுத்த ஆண்டே, 1848 செப்ரெம்பர் 12 இல், மாநிலங்களின் உரிமையையும் நாட்டின் ஒற்றுமையையும் ஒருங்கே பேணும் புதிய யாப்பு நடைமுறைக்கு வந்தது. போரில் வென்றவர் எவ்வாறு வென்றார் என்பதிலேயே அதற்குப் பின்வரும் சமாதானத்தின் ஆயுள் தங்கியுள்ளது. இதனை எம்மவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

முதுமையிலும் அவருக்கு ஓய்வு வாய்க்கவில்லை. 1859 இல் சொல்பெரீனோ போர்க்களத்திற் காயமுற்றோர் கவனிப்பாரின்றித் துடித்ததைக் கண்ட ஹென்றி டுனான்ற், அதுபற்றி 1862 இல் ஒரு நூலை வெளியிட்டார். அந்நூலின் கருத்தைச் செயலாக்க 1863 பெப்ரவரியில் ஜெனீவாவில் ஐவர் கூடினர். டுனான்ற், மொய்னியே, மருத்துவர்களான அப்பியா, மொனுவார் ஆகியோருடன் டுபூரும் ஒருவர். 75 வயதான அவரையே முதற் தலைவராக்கினர். 1864 ஓகஸ்டில் பதினாறு நாடுகளின் பிரதிநிதிகள் ஜெனீவா நகர மண்டபத்திற் கூடியபோது அவரே தலைமை தாங்கினார். 22 ஆம் நாள் பன்னிரு நாடுகள் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. காயமுற்ற வீரர் எத்தரப்பினராயினும் பராமரிக்கப்படவேண்டும். வைத்தியசாலைகளும் பணியாளரும் தாக்கப்படலாகாது என்பது அதன் சாரம். சுவிற்சர்லாந்தின் கொடியில் நிறங்களை மாற்றிய வெண்தளச் செஞ்சிலுவை அதன் சின்னமாயிற்று.

அச்சின்னத்தை எமது பெற்றோர் நன்கறிவர். 1989 முதல் இலங்கையிற் பணியாற்றிய சர்வதேச செஞ்சிலுவைக் குழு, 2009 இன் தொடக்க மாதங்களில் காயமுற்றோரையும் நோயாளரையும் உடன் சென்றோரையும் ஆயிரக்கணக்கில் வன்னிக் கரையிலிருந்து கடல்வழியாக வெளியேற்றியது. உடன்படிக்கைகள் மீறப்பட்ட இடங்களையும் நாம் கண்டோம். அவற்றாற் காக்கப்பட்ட உயிர்களையும் கண்டோம். மீறல்கள் நிகழ்வதனால் அவ்விதி பயனற்றதாகிவிடாது. விதி ஒன்று இருப்பதனாலேயே மீறலை மீறல் என்று உலகின்முன் எடுத்துரைக்க முடிகின்றது.

டுபூர் 1875 யூலை 14 ஆம் நாள், 87 ஆவது வயதில் ஜெனீவாவிற் காலமானார். 1884 இல் நேவ் சதுக்கத்தில் அவருக்குக் குதிரைமீதமர்ந்த சிலை எழுப்பப்பட்டது. அச்சிலையைக் கடந்து செல்லும் மாணவச் செல்வங்கள் அதனைப் போர்வீரர் ஒருவரின் சிலை என்று மட்டும் எண்ணாதிருப்பாராக. பெற்றோரும் விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளைப் பிளான்பலேச் சேமக்காலைக்கு அழைத்துச் சென்று, அவரது வரலாற்றைத் தமிழிலேயே எடுத்துச் சொல்வாராக. வாழவந்த நாட்டின் சான்றோரைத் தாய்மொழியில் அறியும் பிள்ளை, இரு நாட்டுக்கும் பயன்படும் பிள்ளையாக வளரும் என்பது எமது நம்பிக்கை.