ஆடிட்டர் குமரப்பாவின் அகிம்சைக் கணக்கு

பிறந்ததும் ஜனவரி, மறைந்ததும் ஜனவரி என்று அமைந்த ஒரு பெரியவரைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம். அவர் ஜே.சி. குமரப்பா. காந்தியப் பொருளாதார அறிஞர் என்று பலருக்குத் தெரியும். அவர் கிறிஸ்தவர் என்பதும், பகைவரை நேசிக்க வேண்டும் என்ற இயேசுவின் போதனையைப் போர், வரி, வியாபாரம் எல்லாவற்றிலும் பொருத்திப் பார்த்தவர் என்பதும் அவ்வளவாகத் தெரியாது. வணிகவியல் படித்து, வங்கியில் பேரேடு எழுதிய எனக்கு அவரிடம் தனி ஈர்ப்பு உண்டு. அவரும் கணக்கு எழுதியவர்தானே!

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தார். அப்போது பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை பொதுப்பணித்துறை அதிகாரி. ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த, பக்தியும் கட்டுப்பாடும் மிகுந்த குடும்பம். லண்டன் சென்று கணக்கியல் படித்தார். முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் அங்கேயே இருந்தார். 1919-ல் ஊர் திரும்பி, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் செய்தார். நல்ல வருமானம், மேல்நாட்டு உடை, மேல்நாட்டு வாழ்க்கை.

1927-ல் அமெரிக்கா சென்று சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் படித்தார். கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடம் இந்தியாவின் பொது நிதியை ஆராய்ந்தபோதுதான் மனம் மாறியது. ஏழைக் குடியானவர் கட்டும் வரியில் பெரும்பங்கு ராணுவத்துக்கும் கடனுக்கும் போவதை எண்களே காட்டின. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கிடைத்தது மிச்சம்மீதிதான்.

திரும்பி வந்ததும் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவைச் சூட்டிக்கொண்டார். 1929 மே 9 அன்று சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். கோட்டும் சூட்டுமாகப் போனவர், நூல் நூற்றுக்கொண்டிருந்தவர் காந்திதான் என்று தெரிந்ததும் சாணி மெழுகிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரது ஆய்வைக் காந்தி தம் யங் இந்தியா பத்திரிகையில் தொடராக வெளியிட்டார். பிறகு குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் 50-க்கும் மேற்பட்ட கிராமங்களில் குடும்ப வரவுசெலவை நேரில் கணக்கெடுக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார்.

1930-ல் உப்பு சத்தியாகிரகம். தடியடி வாங்கியும் திருப்பி அடிக்காமல் நின்றார்கள் தொண்டர்கள். இதைப் பார்த்த குமரப்பா, கிறிஸ்தவ ஊழியர்களும் மிஷனரிகளும் இந்த அறப்போரை ஆதரிக்க வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். இந்தியாவின் ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயராக இருந்த ஃபாஸ் வெஸ்ட்காட் இதை ஏற்கவில்லை. சட்டத்தை மீறுவது இயேசுவின் வழிக்குப் பொருந்தாது என்பது அவர் நிலை. குமரப்பா விடவில்லை. தீமையை எதிர்க்கவும் வேண்டும், எதிர்க்கும்போது தீமை செய்பவனை வெறுக்கவும் கூடாது, அதற்கான துன்பத்தைத் தானே ஏற்க வேண்டும். சிலுவையின் பொருள் அதுதான் என்று வாதாடினார். அரசு நடத்தும் போருக்கு ஆசி வழங்கும் திருச்சபை, ஆயுதம் தொடாதவனுக்குப் புத்தி சொல்வது எப்படி என்பது அவருடைய வருத்தம்.

ஆனால் நியாயம் கேட்பதை அவர் விடவில்லை. பகைவரை நேசிப்பது என்றால் கணக்கைக் கிழித்துப்போடுவது என்று அவர் நினைக்கவில்லை. 1931-ல் பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான நிதிப் பொறுப்புகளை ஆராயக் காங்கிரஸ் ஒரு குழு அமைத்தது. அதில் அவரும் ஒருவர். ஆப்கானிஸ்தானிலும் பர்மாவிலும் பேரரசு நடத்திய போர்களின் செலவை இந்தியர் தலையில் கட்டியது தவறு என்று அந்தக் குழு வரிசையாகப் பட்டியல் போட்டது. திட்டு இல்லை, சாபம் இல்லை; பற்று வரவு மட்டும். அந்த ஆண்டுகளில் இரண்டு முறை சிறை சென்றார்.

சொந்தப் பக்கத்துக்கும் அதே கண்டிப்புதான். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணக் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. காந்தியும் உடன் வந்தவர்களும் வந்தபோது, அவர்கள் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தியும் ஏற்றுக்கொண்டார். அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு, வார்தாவில் அவரைத் தேடி வந்தது.

இரண்டாம் உலகப் போரில் வேறு விதக் கணக்கு. வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். போருக்காகத் தானியமும் துணியும் இந்தியாவில் வாங்கினார்கள். பணம் லண்டனில் ஸ்டெர்லிங் கடனாக வரவு வைக்கப்பட்டது. அதை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சிட்டார்கள். ஆறே ஆண்டில் புழக்கத்தில் இருந்த நோட்டு ஐந்து மடங்குக்கு மேல் பெருகியது. பொருள் குறைந்தது, விலை ஏறியது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். துப்பாக்கிச் சத்தமே கேட்காத கிராமத்தையும் போர் கொல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இந்தப் பணவீக்கத்தைக் குமரப்பா எழுத்தில் கண்டித்தார். 1942 இயக்கத்தை ஒட்டி மீண்டும் சிறைவாசம்.

ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு நூல்கள் உருவாயின. ஒன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். ஒரே மனிதர் ஒரே சிறையில் இந்த இரண்டையும் எழுதியது தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மாந்தோப்பில் புகுந்து பறித்துத் தின்னும் குரங்கின் வாழ்வு ஒன்று, பலன் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையின் வாழ்வு ஒன்று. நாடுகளும் இப்படித்தான் என்றார். பறித்துத் தின்னும் பொருளாதாரத்துக்குப் படை வேண்டும், கப்பல் வேண்டும். ஆகவே கொத்தடிமை போல் உழைப்பவர்கள் விளைவித்த கோக்கோவை வாங்கிக் குடிப்பவருக்கும் அந்தக் கொடுமையில் பங்கு உண்டு என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பகைவருக்காக ஜெபித்துவிட்டு, திங்கட்கிழமை கடைத்தெருவில் அதை மறந்தால் போதாது என்பதே இதன் சாரம்.

அவர் சாந்தசொரூபி இல்லை. சட்டென்று கோபம் வரும், ரத்த அழுத்தமும் உண்டு. விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் சென்று பார்த்தார். வேண்டாதவர் என்று பெயர் வாங்கினாலும் நினைத்ததைச் சொன்னார். அன்பு என்பது குரலைத் தாழ்த்துவது மட்டும் இல்லை போலும்.

கடைசி ஆண்டுகளைக் கழித்தது நமக்குப் பக்கத்தில்தான். தென்காசியிலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரை போகிற சாலையில் வரும் தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிமையாக வாழ்ந்தார். 1960-ல் சென்னையில் காலமானார். அன்று ஜனவரி 30, காந்தி மறைந்த அதே தேதி.

நம் சங்கத்தில் எல்லா மதத்தாரும் இருக்கிறோம். குமரப்பாவின் கேள்வி எல்லோருக்கும் பொது. செய்தியில் போரைப் பார்த்து, எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று பேசுகிறோம். நாம் வாங்கும் பொருளிலும் கட்டும் வரியிலும் அந்தப் போருக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் என்ன? மதுரைக்குப் போகும்போது கல்லுப்பட்டியில் ஒரு மணி நேரம் இறங்கி ஆசிரமத்தைப் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.