குதிரைகளோடு இடம்பெயர்ந்த ஆசான்: அலோயிஸ் பொட்ஹாய்ஸ்கி

1945ஆம் ஆண்டு மார்ச் மாதம். குண்டுவீச்சினால் சிதைந்துகொண்டிருந்த வியன்னா நகரிலிருந்து ஒரு புகையிரதம் மேற்கு நோக்கிப் புறப்பட்டது. அதன் பெட்டிகளில் ஏற்றப்பட்டிருந்தவை வெண்ணிறக் குதிரைகள். அவற்றுக்குப் பொறுப்பாகச் சென்றவர் அலோயிஸ் பொட்ஹாய்ஸ்கி. விமானத் தாக்குதல்களுக்கு அஞ்சி இடையிடையே தரித்து நின்ற அப் பயணம், ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பையும் பல தலைமுறைகளின் கலையையும் ஒருங்கே சுமந்து சென்றது.

பொட்ஹாய்ஸ்கி 1898 பெப்ரவரி 24இல், அன்று ஒஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசின் ஆட்சியிலும் இன்று பொஸ்னியாவிலும் உள்ள மொஸ்தார் நகரில் பிறந்தார். தந்தையார் இராணுவ அதிகாரி. மகனும் குதிரைப்படையில் சேர்ந்து முதலாம் உலகப் போரிற் பங்குகொண்டார். போர் முடிந்தபோது அவர் பிறந்த பேரரசே இல்லாதொழிந்தது. பிறந்த ஊர் வேற்று நாட்டுக்குரியதாயிற்று. இருபது வயது இளைஞருக்கு எஞ்சியிருந்தது குதிரையேற்றம் ஒன்றே.

ஒஸ்திரியக் குடியரசின் சிறிய இராணுவத்திற் கடமையாற்றிய அவர், 1933இல் வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பாடசாலைக்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டார். தேர்ந்த அதிகாரியான அவர் முப்பத்தைந்தாவது வயதில் மீண்டும் மாணவரானார். 1572ஆம் ஆண்டு ஆவணங்களிலேயே குறிப்பிடப்பட்டுள்ள அப் பாடசாலையின் கலை, நூல்களைவிட வாழும் உடல்களிலேயே தங்கியிருந்தது. புதிய மாணவர் அங்கவடியும் கடிவாளமும் இன்றி, நீள்கயிற்றில் வட்டமாகச் சுற்றும் முதிர்ந்த குதிரையின் மீதமர்ந்து சமநிலை பழகவேண்டும். முதிர்ந்த குதிரை இளைய மாணவனைப் பயிற்றும். முதிர்ந்த ஆசான் இளங்குதிரையைப் பயிற்றுவார். ஒருவர் முழுமையான பயிற்சியாளராகப் பத்தாண்டுகளுக்கு மேலாகலாம்.

அங்குள்ள லிப்பிசானர் குதிரைகள் கருநிறத்திற் பிறந்து, வளரும்போது வெண்மையடைபவை. ஏறத்தாழ நான்கு வயதிற் பயிற்சி தொடங்கும். முதலில் நேராகவும் தளர்ச்சியாகவும் நடக்கப் பழக்குவர்; பின்னர் திருப்பங்களும் நடைமாற்றங்களும். இறுதியில், வல்லமை வாய்ந்த சில குதிரைகள் மட்டுமே நான்கு கால்களும் நிலத்தைவிட்டு எழ, அந்தரத்திலே பின்னங்கால்களை உதைத்து நீட்டும் கப்ரியோல் பாய்ச்சலைக் கற்கும். அடித்துப் பணியவைப்பதால் இவை கைகூடா. சரியாகச் செய்தவுடன் குதிரைக்குக் கொடுப்பதற்கெனப் பயிற்சியாளரின் அங்கியிலேயே சீனிக்கட்டிக்கு ஒரு பை உண்டு.

இப் பொறுமையின் பலனை உலகம் 1936இல் பேர்லின் ஒலிம்பிக்கிற் கண்டது. பந்தயத்தில் வெற்றிபெறாத நீரோ என்னும் குதிரையைத் தாமே பயிற்றிய பொட்ஹாய்ஸ்கி, அதன் மீதேறிப் பயிற்சிக் குதிரையேற்றப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

1938இல் ஒஸ்திரியாவை ஹிட்லரின் ஜேர்மனி தன்னுடன் இணைத்துக்கொண்டது. மறு ஆண்டு பொட்ஹாய்ஸ்கி பாடசாலையின் தலைவரானார். ஜேர்மன் இராணுவச் சீருடையை அணிந்தே அவர் அப் பதவியை வகித்தார் என்பதை மறைத்து அவரது வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது. 1942இல் பீபர் பண்ணையின் பெண்குதிரைகள் செக் எல்லையோரத்து ஹொஸ்தாவ் கிராமத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஆண்குதிரைகளை வியன்னாவிலிருந்து வெளியேற்றுவதோ தோல்வியை ஒப்புக்கொள்வதாகத் தோன்றும் என்பதால், அனுமதி இறுதிவரை தாமதமாயிற்று.

புகையிரதம் சென்றடைந்த இடம் மேல் ஒஸ்திரியாவின் சாங்க்ற் மார்ட்டின். அங்கு மனிதருக்கும் உணவில்லை, குதிரைக்கும் தீனியில்லை. பசியால் வாடிய அகதிகள் இறைச்சிக்காக இக் குதிரைகளைக் களவாட முயன்றனர். அவர்களைக் குற்றஞ்சாட்ட எவருக்கு மனம் வரும்? ஆயினும், காவல் நின்றவரின் நிலையும் எளிதன்று. பயிற்றப்பட்ட குதிரை ஒன்று மாண்டால், அடுத்த மாணவனின் ஆசான் ஒருவர் மாண்டதாகவே பொருள்.

1945 மே 7ஆம் நாள், அமெரிக்க ஜெனரல் பற்றனின் முன்னிலையில் குதிரைகள் தம் கலையைக் காட்டின. பற்றன் தாமும் 1912 ஒலிம்பிக்கிற் போட்டியிட்டவர், குதிரையை அறிந்தவர். காட்சியின் முடிவில் பொட்ஹாய்ஸ்கி பாடசாலைக்குப் பாதுகாப்புக் கோரினார், அது வழங்கப்பட்டது. ஏப்ரல் 28இலேயே அமெரிக்கக் குதிரைப்படைப் பிரிவொன்று ஹொஸ்தாவைக் கைப்பற்றியிருந்தது. அங்கிருந்த குதிரைகள் மே மாதத்தில் எல்லை கடந்து பவேரியாவுக்குக் கொண்டுவரப்பட்டன.

ஆயினும் வீடு திரும்பப் பத்தாண்டுகள் சென்றன. நான்கு வல்லரசுகளின் பிடியில் வியன்னா இருந்த காலமெல்லாம் பாடசாலை வெல்ஸ் நகரில் தற்காலிகமாக இயங்கியது. அங்கும் நாளாந்தப் பயிற்சி நிற்கவில்லை. 1948இல் லண்டன் ஒலிம்பிக்கிலும் பொட்ஹாய்ஸ்கி கலந்துகொண்டார். 1955இல் ஒஸ்திரியா இறைமையை மீட்டபோது, குதிரைகளும் தம் பழைய மண்டபத்தை அடைந்தன. கால் நூற்றாண்டு தலைமை வகித்து ஓய்வுபெற்ற அவர், 1973 மே 23இல் வியன்னாவிற் காலமானார். குதிரைகளைத் தம் ஆசான்களெனத் தலைப்பிலேயே அறிவிக்கும் நூலொன்றையும் அவர் எழுதியுள்ளார்.

மண்டபம் வியன்னாவிலேயே நின்றது. கலையோ இடம்பெயர்ந்து சென்றது. கற்றவரும் கற்பிப்பவரும் ஒருநாளும் பயிற்சியைக் கைவிடாததனாலேயே, திரும்பி வந்தபோது அம் மண்டபத்துக்குப் பொருளிருந்தது. ஊரை விட்டு வந்த நமக்கு இது அந்நியக் கதையன்று.