வீட்டைக் கொடுத்த வள்ளல்

தலைமையென்பது உயர்ந்த ஆசனத்தில் அமர்வதன்று. பிறர் குறையைத் தன் குறையாக எண்ணி முன்வருவதேயாகும். இதற்குச் சான்று தேடி நாம் அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை.

டாக்டர் அழகப்பச் செட்டியார் 1909-ம் ஆண்டில் கோட்டையூரில் பிறந்தார். சென்னையில் எம். ஏ. தேறி, சீமை சென்று பாரிஸ்டரானார். பின்னர் நெசவாலைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டினார். 1947-ல் சென்னையில் அன்னி பெஸண்ட் அம்மையாரின் நூற்றாண்டையொட்டி ஒரு கூட்டம் நடைபெற்றது. செல்வர்கள் கல்லூரிகள் நிறுவ முன்வரவேண்டுமென்று அதில் வைஸ் சான்ஸலர் லக்ஷ்மணசாமி முதலியார் வேண்டினார். கேட்டிருந்தோர் பலர், எழுந்தவர் அழகப்பர். அவ்வாண்டிலேயே காரைக்குடியில் கல்லூரி தோன்றிற்று.

மின் இரசாயன ஆராய்ச்சி நிலையத்திற்கென 300 ஏக்கர் நிலமும் 15 லக்ஷம் ரூபாயும் அளித்தார். 1948-ல் பண்டித நேரு அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953-ல் நிலையம் திறக்கப்பட்டது.

மிஞ்சிய பொருளைக் கொடுப்போர் எங்குமுண்டு. அழகப்பரோ தாம் வாழ்ந்த மாளிகையையே பெண் கல்விக்கு ஒப்புவித்தார். இதனையே நாம் எல்லாவற்றினும் பெரிதென மதிக்கிறோம். வீடு கட்டிப் பெருமை தேடிய நாட்டில், வீட்டைக் கொடுத்துப் பெருமை பெற்றவர் அவர்.

1957-ல், 48 வயது நிறையுமுன், அவர் காலமானார். 1985-ல் அவர் பெயரால் சர்வகலாசாலையே எழுந்தது.

செட்டிநாட்டில் இன்றும் எத்தனையோ மாளிகைகள் பூட்டிக் கிடக்கின்றன. உரியவர்கள் தொலைதேசங்களில் இருக்கிறார்கள். கரையான் மட்டும் காவல் இருக்கிறது. அவற்றுள் ஒன்றேனும் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசகசாலையாகத் திறக்கப்படுமாயின், சிலைக்குச் சூட்டும் மாலையினும் அதுவே அப்பெருமகனுக்கு உகந்த அஞ்சலியாகும். சாவியை வைத்திருப்போர் சிந்திப்பார்களாக.