வீணையும் வானொலியும்

நுழையும்முன்

இசை ஒரு காலத்தில் இடத்தோடு கட்டுண்டிருந்தது. கோவில், அரண்மனை, செல்வர் இல்லத் திருமணப் பந்தல், நகரத்துச் சபா ஆகியவற்றை அணுக இயன்றோருக்கே அது வாய்த்தது. அந்த எல்லையை வானொலி தகர்த்தது. அத்தகைய ஆற்றல் வாய்ந்த கருவியை யாருக்காகப் பயன்படுத்துவது, எதற்காகப் பயன்படுத்துவது என்னும் வினாக்களும் உடன் எழுந்தன. அவ்வினாக்களின் நடுவே பணியாற்றிய வி.கே. நாராயண மேனனின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பந்தலிலிருந்து அலைவரிசைக்கு

செட்டிநாட்டின் பெருவீடுகளில் திருமணம் என்றால் நாகசுர இசையும் உண்டு. விருந்தினர் முகப்பில் அமர்ந்து கேட்பர்; அழைப்பில்லாதோர் தெருவில் நின்று கேட்பர். பந்தல் பிரிக்கப்பட்டதும் இசையும் போய்விடும். அடுத்த நிகழ்ச்சி எப்போது வரும், எவர் வீட்டில் வரும் என்பது எளியோர் கையில் இல்லை.

இந்நிலை மாறுவதற்கான முதல் முயற்சி சென்னையில் தோன்றியது. 1924ஆம் ஆண்டு சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவாயிற்று. சிறிய ஒலிபரப்பியைக் கொண்டு இசையும் உரையும் ஒலிபரப்பிய அக்கழகம், பொருள்முட்டுப்பாட்டால் 1927இல் பணியை நிறுத்தியது. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டன. வானொலிப் பெட்டி வாங்க இயலாதவரும் மாலை வேளையில் மணலில் அமர்ந்து பாட்டுக் கேட்டனர். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கப்பட்டன.

நம் நாட்டில் வானொலி இவ்வாறு காலூன்றிய ஆண்டுகளில் நாராயண மேனன் வளர்ந்து இளைஞரானார்.

இளமையும் கல்வியும்

நாராயண மேனன் 1911ஆம் ஆண்டு, அன்றைய கொச்சி அரசைச் சேர்ந்த திருச்சூரில் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றபின் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அவருடைய ஆய்வுப்பொருள் அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸின் கவிதை வளர்ச்சி. அந்த ஆய்வு 1942இல் நூலாக வெளிவந்தது. யேட்ஸ் மறைந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. ஆங்கிலக் கவிதையைப் பற்றி இந்தியர் ஒருவர் எழுதிய அந்நூலுக்கு ஜார்ஜ் ஆர்வெல் 1943இல் மதிப்புரை எழுதினார். விலங்குப் பண்ணை என்னும் நாவலால் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற அதே ஆர்வெல்தான் அவர்.

இலக்கிய ஆய்வு அவருடைய கல்வி. வீணை அவருடைய காதல். கருநாடக இசையில் தோய்ந்த அவர் வீணை வாசிப்பில் தேர்ச்சி பெற்றிருந்தார். ஆயினும் அதனை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளவில்லை. மேடையை நாடி வாழாத அவர், இசையைக் கேட்பவரின் நிலையிலிருந்தும் வாசிப்பவரின் நிலையிலிருந்தும் அறிந்தவராக விளங்கினார். பின்னாளில் அவர் ஏற்ற பொறுப்புகள் அனைத்திற்கும் இவ்விரட்டை அறிவு அடித்தளமாயிற்று.

தெரியுமா?

செட்டிநாட்டு ஊர் ஒன்றின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துப் புகழ்பெற்ற வீணைக் கலைஞர்கள் காரைக்குடிச் சகோதரர்கள். மூத்தவரான சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தார். இளையவரான சாம்பசிவ ஐயர் 1952இல் சங்கீத நாடக அகாதெமி விருதைப் பெற்றார்.

போர்க்கால இலண்டன்

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது நாராயண மேனன் பிரித்தானியாவில் இருந்தார். இந்தியாவை நோக்கிய ஒலிபரப்புகளைப் பி.பி.சி. நிறுவனம் அக்காலத்தில் விரிவுபடுத்தியது. 1941 மே 3 அன்று அதன் தமிழ் ஒலிபரப்பும் தொடங்கியது. அதுவே பின்னர் தமிழோசை எனப் பெயர்பெற்றது. அந்நிறுவனத்தின் கீழைப்பிரிவில் ஆர்வெல் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தார். முல்க் ராஜ் ஆனந்த், வேணு சித்தலே ஆகிய இந்தியர்களோடு நாராயண மேனனும் அப்பிரிவின் நிகழ்ச்சிகளில் பங்கேற்றார்.

1942ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்று உலக இலக்கிய வரலாற்றில் பலமுறை அச்சிடப்பட்டுள்ளது. வானொலிவழிக் கவிதை இதழ் ஒன்றின் ஒலிப்பதிவுக்காக ஒலிவாங்கியின் முன் கூடிய எழுத்தாளர்களின் படம் அது. கவிஞர் டி.எஸ். எலியட், ஜமைக்காவைச் சேர்ந்த ஊனா மார்சன், ஆர்வெல், திறனாய்வாளர் வில்லியம் எம்ப்சன் ஆகியோர் அதில் உள்ளனர். இலண்டனில் கவிதை இதழ் நடத்திய ஈழத்தமிழர் தம்பிமுத்துவும் அவர்களிடையே இருக்கிறார். அதே மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களுள் ஒருவர் நாராயண மேனன்.

அந்த மேசைக்குப் பின்னே ஓர் இக்கட்டும் இருந்தது. 1942 ஆகஸ்டில் இந்தியாவில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தது. தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். தாயகம் விடுதலைக்குப் போராடிய நேரத்தில், ஆளும் நாட்டின் வானொலியில் இந்தியர் பேசுவது முறையாகுமா என்னும் வினா தவிர்க்க இயலாதது. மறுபுறம், பாசிசம் வென்றால் எந்த நாட்டுக்கும் விடுதலை இல்லை என்னும் அச்சமும் நியாயமானதே. ஆர்வெல்லே தம் ஒலிபரப்புகளால் விளையும் பயனில் ஐயம் கொண்டு 1943இல் அப்பணியை விட்டு விலகினார்.

அரசுகள் வானொலியை விரும்புவது அது மக்களின் செவியை எட்டுவதனால்தான். அதே காரணத்தால் அது பரப்புரைக் கருவியாகச் சுருங்கவும் கூடும். பரப்புரைக்காகத் திறக்கப்பட்ட அலைவரிசையில் கவிதைக்கும் இசைக்கும் இடம் தேடிய கலைஞர் குழுவில் ஒருவராக இருந்தமை, நாராயண மேனனின் ஒலிபரப்பு வாழ்வுக்கு முதற்பயிற்சி ஆயிற்று.

விடுதலை பெற்ற நாட்டின் குரல்

நாடு விடுதலை பெற்றபோது இந்திய ஒன்றியத்தில் அகில இந்திய வானொலிக்கு இருந்தவை ஆறே நிலையங்கள். தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, திருச்சிராப்பள்ளி, இலக்னோ என்பன அவை. மக்கள்தொகையில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரையே வானொலி எட்டியது. எழுத்தறிவு குறைந்திருந்த நாட்டில் செய்தித்தாள் செல்லாத இடத்திற்கும் ஒலி செல்ல முடியும். ஆகவே நிலையங்களைப் பெருக்குவது அரசின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. தாயகம் திரும்பிய நாராயண மேனன் இந்த வளர்ச்சிக் காலத்தில் அகில இந்திய வானொலியில் பணியாற்றினார்.

எதை ஒலிபரப்புவது என்பதில் அக்காலத்தில் பெரும் விவாதம் நிகழ்ந்தது. 1952இல் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. வடக்கின் இந்துஸ்தானி இசையைத் தெற்கும், தெற்கின் கருநாடக இசையைச் வடக்கும் ஒரே இரவில் கேட்க வழி பிறந்தது. அதே வேளையில் திரைப்பாடல்களுக்கான நேரம் குறைக்கப்பட்டது. நேயர்களோ இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். இந்த அனுபவத்திற்குப் பின், 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டது.

உயர்ந்ததைக் கொடுக்க வேண்டும் என்பது ஒருபக்க நியாயம். விரும்புவதைக் கொடுக்க வேண்டும் என்பது மறுபக்க நியாயம். மக்களுக்கு உரிய வானொலி இவ்விரண்டில் எதையும் முற்றாகக் கைவிட இயலாது. 1965ஆம் ஆண்டு அகில இந்திய வானொலியின் தலைமை இயக்குநர் பொறுப்பு நாராயண மேனனிடம் வந்தபோது, இந்த இழுபறியும் அப்பொறுப்போடு சேர்ந்தே வந்தது.

ரேடியோ நெல்

நாராயண மேனன் 1965 முதல் 1968 வரை தலைமை இயக்குநராக இருந்தார். மழை பொய்த்து, உணவுப் பற்றாக்குறை நாட்டை வாட்டிய ஆண்டுகள் அவை. வெளிநாட்டுக் கோதுமையை ஏற்றிவரும் கப்பல்களை நம்பி வாழும் நிலை இருந்தது. உழவர்களிடம் புதிய விதைகளையும் முறைகளையும் விரைந்து கொண்டுசேர்ப்பதற்காக 1966இல் வானொலி நிலையங்களில் வேளாண் ஒலிபரப்புக்கெனத் தனிப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் திருச்சிராப்பள்ளி நிலையமும் ஒன்று.

அப்போது ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 என்னும் குறுகியகால நெல்வகை வெளிவந்தது. ஜப்பானிய நெல்லினத்தையும் நம் நாட்டு நெல்லினத்தையும் இணைத்து உருவாக்கப்பட்டது அது. எந்நாளில் விதைப்பது, எவ்வளவு உரமிடுவது, பூச்சி தாக்கினால் என்ன செய்வது என்பவற்றைத் திருச்சி வானொலி நாள்தோறும் எடுத்துரைத்தது. வல்லுநரின் செய்தியை உழவரின் பேச்சு வழக்கில் அது சொன்னது. தஞ்சைப் பகுதி உழவர்கள் அந்த நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயரிட்டனர். பயிருக்கு வானொலியின் பெயரை மக்களே சூட்டியது ஒலிபரப்பு வரலாற்றில் அரிதான நிகழ்வாகும்.

திருச்சி நிலையத்தின் ஒலி காவிரிப் படுகையோடு நின்றுவிடவில்லை. வானம் பார்த்த பூமியாகிய செட்டிநாட்டுச் சிற்றூர்களிலும் அது கேட்டது. அரிசி ஆலைகளால் பெயர்பெற்ற புதுவயல் போன்ற ஊர்களுக்கு நெல்லைப் பற்றிய செய்தி என்பது வாழ்வைப் பற்றிய செய்தியே அல்லவா? காலையில் நாகசுரமும் மாலையில் நெல் விலையும் ஒரே பெட்டியிலிருந்து வந்தன. கலையும் பயனும் வெவ்வேறல்ல என்பதைப் பொது ஒலிபரப்பு இவ்வாறு நடைமுறையில் காட்டியது.

தொலைக்காட்சியும் அந்நாளில் வானொலியின் ஒரு பிரிவாகவே இருந்தது. 1967 ஜனவரி 26 அன்று தில்லியைச் சூழ்ந்த 80 சிற்றூர்களுக்காகக் கிருஷி தர்ஷன் என்னும் வேளாண் நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. அச்சிற்றூர்களில் பொதுவிடத்தில் வைக்கப்பட்ட பெட்டிகளைச் சுற்றி அமர்ந்து உழவர்கள் அதனைக் கண்டனர்.

தொண்டா, வணிகமா?

அதே 1967ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று விவித் பாரதியில் விளம்பரங்கள் இடம்பெறத் தொடங்கின. மும்பை, புணே, நாகபுரி ஆகிய நகரங்களில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. பொது ஒலிபரப்புக்கு வருவாய் தேவை. ஆனால் விளம்பரம் தருபவரின் விருப்பம் நிகழ்ச்சியின் தன்மையைத் தீர்மானிக்கத் தொடங்கினால், வாங்கும் ஆற்றல் இல்லாதோரின் தேவை பின்தள்ளப்படும். எனவே விளம்பரம் தனி அலைவரிசையில் நிறுத்தப்பட்டது. உழவர், மாணவர், மகளிர் ஆகியோருக்கான நிகழ்ச்சிகள் முதன்மை அலைவரிசையில் தொடர்ந்தன.

வானொலி அரசுத் துறையாக இருப்பதா, தன்னாட்சி அமைப்பாக இயங்குவதா என்னும் வினாவும் அப்போது எழுந்தது. அசோக் சந்தா தலைமையிலான குழு 1966இல் தன்னாட்சி அமைப்பைப் பரிந்துரைத்தது. அரசு அப்போது அதனை ஏற்கவில்லை. ஒலிபரப்பு என்பது அரசின் உடைமையா, மக்களின் உடைமையா என்னும் அவ்விவாதம் மேலும் முப்பதாண்டுகள் நீடித்தது.

அழியும் கலையைக் காத்தல்

வானொலிப் பணிக்குப் பின் நாராயண மேனன், மும்பையில் 1969இல் நிறுவப்பட்ட தேசிய நிகழ்த்துகலை மையத்தின் செயல் இயக்குநராகப் பணியாற்றினார். எழுதப்பட்ட கவிதை ஏட்டில் நிற்கும். வாசிக்கப்பட்ட இராகமோ காற்றில் கரையும். பெருங்கலைஞர் ஒருவர் மறையும்போது ஒரு மரபின் நுட்பமே மறைந்துவிடக்கூடும். மரபிசையை ஒலிப்பதிவு செய்து காப்பது அம்மையத்தின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாயிற்று.

இந்நோக்கத்தின் அருமையைத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய நிகழ்வு ஒன்று உணர்த்துகிறது. வீணை தனம்மாளின் பெயர்த்தியான தஞ்சாவூர் பாலசரசுவதி, பரதநாட்டியத்தில் ஈடிணையற்றவர். சதிர் என்று அழைக்கப்பட்ட அக்கலையையும் அதனைக் காத்த குடும்பங்களையும் சமூகம் இழிவாக நோக்கிய காலத்தில் அவர் ஆடத் தொடங்கினார். அவருடைய கலையைப் பற்றி நாராயண மேனன் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். தேசிய நிகழ்த்துகலை மையமும் தமிழ்நாடு அரசும் இணைந்து பாலா என்னும் ஆவணப்படத்தை 1976இல் உருவாக்கின. அதனை இயக்கியவர் சத்யஜித் ரே. அப்போது பாலசரசுவதிக்கு அகவை 58. அவருடைய ஆடலின் இளமைக்காலம் பெரும்பாலும் பதியப்படாமலே கழிந்துவிட்டது. அந்தப் படமும் எடுக்கப்படாதிருந்தால் அடுத்த தலைமுறை எவ்வளவு இழந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பன்முகப் பணிகள்

தகழி சிவசங்கரப் பிள்ளையின் செம்மீன் நாவலை நாராயண மேனன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1962இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு, கேரளக் கடற்கரை மீனவரின் வாழ்வை உலக வாசகர்களிடம் சேர்த்தது. அதே நாவலைத் தமிழுக்குத் தந்தவர் சுந்தர ராமசாமி. தகவல்தொடர்பின் வளர்ச்சியைப் பற்றியும் நாராயண மேனன் நூல் எழுதினார். சங்கீத நாடக அகாதெமியின் செயலராகவும் பின்னர்த் தலைவராகவும் விளங்கினார். யுனெஸ்கோவோடு இணைந்து இயங்கும் பன்னாட்டு இசை மன்றத்தின் தலைவர் பொறுப்பையும் ஏற்றார். 1969இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

1997ஆம் ஆண்டு நாராயண மேனன் மறைந்தார். நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட தன்னாட்சி ஒலிபரப்பு அமைப்பு, பிரசார் பாரதி என்னும் பெயரில் செயல்வடிவம் பெற்றதும் அதே ஆண்டில்தான்.

இன்று இசையைக் கேட்க எவரும் பந்தலைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. கையடக்கக் கருவியில் உலகின் இசையெல்லாம் இருக்கிறது. ஆயினும் எதைக் கேட்பது, எதைக் காப்பது, கேட்கும் வசதியற்றவருக்கு எதைக் கொண்டுசெல்வது என்னும் வினாக்கள் தீரவில்லை. வீணையைப் பொருளுக்காக அன்றி விருப்பத்திற்காக மீட்டிய ஒருவர், அந்த வினாக்களையே தம் அலுவலாக ஏற்று வாழ்ந்தார். கலை சிலரின் உடைமையாக இருந்த நாட்டில், அதனைப் பலரின் உரிமையாக்கும் பணியில் அவருக்கும் பங்கு உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வானொலிப் பெட்டி அரிதாக இருந்த காலத்தைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

2. மக்கள் விரும்புவதைத் தருவதா, மக்களுக்குத் தேவையானதைத் தருவதா, எது பொது ஒலிபரப்பின் கடமை என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பகுதியில் வழக்கொழிந்துவரும் இசைக்கருவி அல்லது பாடல்மரபு ஒன்றைக் கண்டறிந்து, கலைஞரின் இசைவோடு ஒலிப்பதிவு செய்து வகுப்பில் ஒலிக்கச் செய்க.